தண்ணி முறையும் காய்ச்சல் பட்டியலும்: 2017இல் கொங்கு மாவட்டங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கொங்கு மாவட்டங்களின் அலுவலகங்களில் 2017ஆம் ஆண்டு இரண்டு கோப்புகளாகக் கிடக்கிறது. ஆனி வரைக்கும் வறட்சிக் கோப்பு. ஆவணி, புரட்டாசி தொடங்கி டெங்குக் கோப்பு. முதலாவதைக் குடிநீர்ப் பொறியாளர்கள் எழுதினார்கள், அடுத்ததைச் சுகாதாரப் பிரிவு எழுதியது. இரண்டுக்கும் நடுவில் வீட்டு வாசலில் நின்றது ஒரு நீலநிற 200 லிட்டர் பேரல். தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை என்றானதும் ஒரு பேரல் இருந்த வீட்டில் மூன்று பேரல் வந்தது. கொசு அதில்தான் முட்டையிட்டது.

இரண்டு நெருக்கடியும் ஒன்றையொன்று எப்படி ஊட்டி வளர்த்தன, உள்ளாட்சி அலுவலகத்தில் எந்த இடத்தில் கையை வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம் என்பதே இங்கே பேச்சு. அடுத்த வறட்சிக்கும் இதே பேரல்தான் வெளியே வரும்.

வறட்சி எங்கிருந்து வந்தது

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதற்கு முந்தைய தென்மேற்குப் பருவமும் கைகொடுக்கவில்லை. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. கோவையின் மேற்குப் பகுதிக்கு நல்ல தண்ணீர் தரும் சிறுவாணி அணையின் முழு மட்டம் 50 அடி. அணைக்குள் உள்ள நீர் எடுக்கும் கோபுரத்தில் வெவ்வேறு உயரத்தில் நான்கு வால்வுகள் இருக்கின்றன; மட்டம் இறங்க இறங்க அவை ஒவ்வொன்றாக வெளியே தெரியும். அந்தக் கோடையில் மட்டம் அடிமட்ட இருப்புவரை போனது. திருப்பூருக்கு மூன்றாம் குடிநீர்த் திட்டம் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும்படி கட்டப்பட்டது. ஆனால் அதுவும் பவானி ஆற்றைத்தான் நம்பியிருக்கிறது. ஆற்றில் இல்லாதது குழாயில் வராது.

ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போயும் புகைதான் வந்தது. ஊர்களில் ‘நல்ல தண்ணி’ ஒரு முறை, ‘உப்புத் தண்ணி’ ஒரு முறை என்று இரண்டு வரிசை உண்டு. இரண்டின் இடைவெளியும் நீண்டது. நல்ல தண்ணீர் பல இடங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை, சில கடைக்கோடித் தெருக்களில் அதற்கும் மேல்.

அதே மாதங்களில் சுகாதாரப் பணியாளர்கள் சும்மா இல்லை. பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளி பள்ளியாக நடந்தது. பன்றிக் காய்ச்சலும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் தலைதூக்கியிருந்தது. பக்கத்துக் கேரளத்தில் ஜூன், ஜூலையிலேயே டெங்கு உச்சத்துக்குப் போனது. வாளையாறு தாண்டி தினமும் ஆள் போய்வரும் கோவைக்கு அது முன்கூட்டியே அடித்த மணி. செப்டம்பரில் மழை வந்தது. அந்த மாதம் 7ஆம் தேதி முதல் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொண்டது. ஆண்டு முடிவில் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு 23,000க்கு மேல், இறப்பு 65.

நாற்காலியில் யார் இருந்தார்கள்

உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24 அன்று முடிந்தது. அந்த மாதம் நடக்கவேண்டிய தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் மன்றங்கள் கலைந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். மாநகராட்சிக்கு ஆணையரே தனி அலுவலர். கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். அதாவது ஒன்றியத்தில் எத்தனை ஊராட்சி இருந்தாலும் கையெழுத்து ஒன்றே. ஊரகத்தில் இது 2019 டிசம்பர் வரையும் நகரங்களில் 2022 பிப்ரவரி வரையும் நீடித்தது.

கவுன்சிலர் இல்லாததால் நிர்வாகம் வேகமாக நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். கோப்பு வேகமாக நகரும், மறுப்பதற்கில்லை. தெருச் செய்திதான் மேலே வராமல் போகும். எந்தத் தெருவுக்கு முறை தவறியது, எந்தக் காம்பவுண்டில் நாலு பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வழக்கமாக வார்டு கவுன்சிலர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். அந்தத் திண்ணை இல்லாத ஆண்டில்தான் வறட்சியும் டெங்குவும் ஒன்றாக வந்தன. கோவை மாநகராட்சியில் 100 வார்டு, திருப்பூர், ஈரோடு, சேலத்தில் தலா 60 வார்டு. அத்தனைக்கும் உறுப்பினர் இடம் காலி.

சட்டத்திலும் இதன் நிழல் விழுந்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 25ஆம் பிரிவில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியின் தலைவரை இணைத் தலைவராகவும் வைக்கிறது. காவல் கண்காணிப்பாளரும் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலரும் உறுப்பினர்கள். உள்ளாட்சி தானே செய்யவேண்டியதை 41ஆம் பிரிவு சொல்கிறது: ஆள்களுக்குப் பயிற்சி, கருவிகளைத் தயார்நிலையில் வைத்தல், நிவாரண வேலை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத ஆண்டில் இணைத் தலைவர் நாற்காலியில் உட்கார ஆளில்லை. நிதியும் இழுத்தது. தேர்தல் நடக்காத உள்ளாட்சிகள் என்பதால் 14ஆவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி மத்திய அரசிடமே நின்றது.

கூட்டங்கள் நடக்காமல் இல்லை. வறட்சிக்கென்று ஒரு வாராந்திரக் கூட்டம், அதில் குடிநீர் வடிகால் வாரியமும் பொறியாளர்களும். காய்ச்சலுக்கென்று ஒரு கூட்டம், அதில் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர், மாநகர நல அலுவலர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள். ஆட்சியர் இரண்டிலும் இருப்பார். அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒருவர் காகிதத்தை இன்னொருவர் பார்க்கமாட்டார்கள். நிர்வாக அமைப்பே அப்படிப் பிரிந்துகிடக்கிறது.

ஏழு நாள் கணக்கு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் பட்டதும் ஓரிரு நாளில் பொரியும். புழுவாக நான்கைந்து நாள், கூட்டுப்புழுவாக இரண்டு நாள். நம் ஊர் வெயிலில் மொத்தம் ஏழு முதல் பத்து நாள். தண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறை வந்தால் பேரல் நான்கு நாளில் காலியாகி மறுபடி நிறையும். புழு கொசுவாகும் முன் தண்ணீரோடு போய்விடும். பத்து நாள் இடைவெளி என்றால் வீட்டம்மா எட்டாம் நாள்வரை இரண்டு பேரலைத் தொடாமல் ‘கைச்சேமிப்பு’ வைப்பார். தொடாத பேரலில் முழுச்சுற்றும் முடியும்.

ஆக, தண்ணி முறை, அதாவது ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரும் இடைவெளி, 7 நாளைத் தாண்டுவது குடிநீர்ப் பிரிவுக்கு ஒரு குறைபாடு. சுகாதாரப் பிரிவுக்கு அது முன்னெச்சரிக்கை. எவ்வளவு முன்பே தெரியவரும் என்று கூட்டிப் பாருங்கள். முறை நீண்ட நாளிலிருந்து கொசு வளர 8 நாள். நோயாளியைக் கடித்த கொசுவின் உடம்பில் வைரஸ் முற்ற 8 முதல் 12 நாள், நடுவாக 10 என்று வைக்கலாம். அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் வர 5 நாள். அவர் மருத்துவரிடம் போய் ரத்தம் கொடுத்துப் பெயர் பட்டியலில் ஏற 3 நாள். மொத்தம் 26. காய்ச்சல் பட்டியலைப் பார்த்துக் கிளம்பும் அலுவலகம் மூன்றரை வாரம் பின்தங்கியே கிளம்புகிறது. தண்ணி முறைப் பட்டியலைப் பார்த்துக் கிளம்பினால் அந்த மூன்றரை வாரமும் கையில் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அலுவலகத்தில் இருக்கும் முறைப் பட்டியல் திட்டமிட்ட தேதியைத்தான் சொல்லும். உண்மையான தேதி ‘தண்ணி விடறவர்’ சைக்கிள் கேரியரில் செருகிவைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டில் இருக்கும். மோட்டார் காயில் எரிந்து மூன்று நாள், மெயின் லைன் உடைந்து இரண்டு நாள், மின்தடையால் பாதியில் நின்று மறுநாளுக்குத் தள்ளியது என்று எல்லாம் அதில்தான். அலுவலகத்துத் தாளில் 8 நாள் என்றிருக்கும் தெருவுக்கு நோட்டில் 13 நாள் ஆகியிருக்கும். அந்த நோட்டைத் தினமும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

முறையைச் சுருக்கினால் என்ன?

மருத்துவர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள்: பத்து நாளுக்கு நான்கு மணி நேரம் விடுவதை ஆறு நாளுக்கு இரண்டரை மணி நேரமாக விட்டால் என்ன, தண்ணீர் அளவு அதேதானே? பொறியாளர் தலையாட்டமாட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

காலிக் குழாயில் காற்று போய்த் தண்ணீர் நிறையவே முதல் முக்கால் மணி நேரம் ஆகும் ஒரு தெருத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். பத்து நாளுக்கு 4 மணி நேரம் விட்டால் பயன்படும் நேரம் 195 நிமிடம். மாதம் மூன்று முறை, மொத்தம் 585 நிமிடம். ஆறு நாளுக்கு 2 மணி 24 நிமிடம் விட்டால் பயன்படுவது 99 நிமிடம். மாதம் ஐந்து முறை, 495 நிமிடம். தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீர் ஒன்றேதான், ஆனால் 90 நிமிடம், அதாவது 15 விழுக்காடு குழாய் நிறைப்பதிலேயே போகிறது. அந்த 15 விழுக்காடு எல்லோருக்கும் சமமாகக் குறையாது. மேட்டிலிருக்கும் கடைசிப் பத்து வீட்டுக்கு மொத்தமாகக் குறையும். மறியல் அங்கிருந்துதான் வரும், குடத்தோடு மெயின் ரோட்டுக்கு. எனவே பொறியாளர் இடைவெளியை நீட்டி நேரத்தைக் கூட்டுவார்.

மறுபக்கச் செலவை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. 1,200 வீடுள்ள பகுதி, ஒரு கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் நாளுக்கு 50 வீடு பார்ப்பார் என்று வைத்துக்கொள்வோம். முறை ஆறு நாள் என்றால் தினம் 200 வீட்டுக்குத் தண்ணீர் வரும். வருவதற்கு முந்தைய நாள் ஒருமுறை போய்ப் பேரலைத் தேய்க்கவைத்தால் போதும். 4 பணியாளர். முறை பத்து நாள் என்றால் தினம் 120 வீட்டுக்குத் தண்ணீர். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தடவை போகவேண்டும். முந்தைய நாள் தேய்க்க, மறுநாள் மருந்து ஊற்றி மூட, ஆறாம் நாள் மீண்டும் பார்க்க. தினம் 360 வீடு, 8 பணியாளர். குழாயில் மிச்சப்படுத்திய தண்ணீருக்கு நான்கு பேர் கூலி. இந்தக் கணக்கை இரண்டு பிரிவும் ஒரே தாளில் பார்த்தால் பேச்சு மாறும்.

எல்லாத் தெருவுக்கும் முறையைச் சுருக்கத் தேவையில்லை. புழு இருக்கும் வீடுகள் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய தொகுதிகளுக்கு மட்டும் ஆறு நாள், மற்றதற்குப் பழைய முறை, சுருக்கிய தொகுதியின் மேட்டு வீடுகளுக்கு ஐந்தாம் நாள் லாரி. இந்த மூன்றும் சேர்ந்தால் பொறியாளரும் ஒப்புக்கொள்வார். ஒரு தொகுதிக்கு மட்டும் தண்ணீரைத் திறந்து மூடும் கிளை வால்வு வேலை செய்யவேண்டும் என்பது முன்நிபந்தனை. பாதி ஊர்களில் கிளை வால்வுகள் தார்ச்சாலைக்கு அடியில் புதைந்து கிடக்கும். அதை மாசியிலேயே தோண்டி எடுத்து, திருகு சுற்றுகிறதா என்று பார்த்துவைக்கவேண்டும். சித்திரையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒரே தாள்

தேவைப்படுவது ஒரு மென்பொருள் அல்ல, ஒரு தாள். வரிசைக்கு ஒரு தெருத்தொகுதி. கடைசியாகத் தண்ணீர் வந்த உண்மையான தேதி, அடுத்து வரும் தேதி, பார்த்த வீடுகளில் புழு இருந்தவை எத்தனை, நேற்றைய காய்ச்சல் எத்தனை, லாரி நடை எத்தனை, கடைசி வீட்டில் குளோரின் எவ்வளவு. இவ்வளவுதான். நிரப்புபவர்கள் உதவிப் பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும், காலை ஒன்பதரைக்குள், ஒரே மேஜையில். பேரூராட்சியில் செயல் அலுவலர், ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், மாநகராட்சியில் மண்டல உதவி ஆணையர் அதைப் பார்த்து அன்றே கையெழுத்துப் போடவேண்டும். இடைவெளி 7ஐத் தாண்டி, புழு வீடு பத்து விழுக்காட்டையும் தாண்டினால் முடிவு முன்பே எழுதி வைத்தது: அந்தத் தொகுதிக்கு ஐந்தாம் நாள் லாரி, ஆறாம் நாள் ஆய்வு. கூட்டம் கூட்டி யோசிக்க வேண்டியதில்லை.

கெடும் இடம் ஒன்று சொல்லவேண்டும். புழு இல்லை என்று எழுதுவது எளிது. பூட்டிய வீட்டையும் ‘பார்த்த வீடு’ கணக்கில் சேர்த்தால் விழுக்காடு தானாகக் குறையும். பூட்டிய வீட்டுக்குத் தனிக் கட்டம் வேண்டும்; அதில் எண் பெருகினால் மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ ஆள் அனுப்பவேண்டும். திருப்பூரில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் கணவன், மனைவி இருவருமே காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவு தட்டினால் யார் திறப்பது?

பேரல், மருந்து, துணி

ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் விடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டும். பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வளையமாகக் கருப்புப் பொடி தூவியதுபோலத் தெரியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே ‘கவிழ்த்துவிட்டேன்’ என்பது பதிலாகாது. தேங்காய் நார் அல்லது பிரஷ் வைத்து உள்சுவரைத் தேய்த்து, தேய்த்த தண்ணீரை மண்ணில் கொட்டவேண்டும். கோடையில் காலியாகிக் கொல்லையில் ஒதுக்கிய பேரலிலும் பழைய டயரிலும் ஆட்டுக்கல் குழியிலும் ஒட்டியிருந்த முட்டைகள் செப்டம்பர் மழை பட்டதும் ஒரே வாரத்தில் பொரிந்தன. வறட்சி முடிந்ததும் டெங்கு ஏறியதற்கு இதுவும் காரணம். மழை வந்துவிட்டதே என்று அலுவலகம் வறட்சிக் கோப்பை மூடுகிற வாரம்தான் பேரல் தேய்ப்புக்குக் கடைசி வாய்ப்பு.

கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தின் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1 விழுக்காட்டு மணல்வடிவம் கிடைத்தால் 200 லிட்டர் பேரலுக்கு 20 கிராம். 50 விழுக்காட்டுத் திரவம் என்றால் ஒரு மில்லியில் 500 மில்லிகிராம் மருந்து. பேரலுக்குத் தேவை வெறும் 0.4 மில்லி. அதை நேராக ஊற்றினால் கை தவறிப் பத்து மடங்காகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி கலந்து, அந்தக் கரைசலில் பேரலுக்கு 40 மில்லி என்பது கைக்கு அடங்கும் அளவு. பேரல் பாதி இருந்தாலும் முழுக் கொள்ளளவுக்கே ஊற்றவேண்டும், மறுபடி நிரப்புவார்கள் அல்லவா. டப்பாவின் லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிள் சொல்வதே முடிவு.

இந்த அளவில் குடிநீரில் போட அனுமதி உண்டு. ஆனாலும் வாடை வந்தால் ஆள் போனதும் ஊற்றிவிடுவார்கள், பத்து நாள் காத்துப் பிடித்த தண்ணீரைக்கூட. பிறகு அடுத்த தடவை கதவே திறக்காது. மல்லுக்கட்டுவதில் பயனில்லை, உப்புத் தண்ணிப் பேரலுக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் மருந்து, நல்ல தண்ணிக்குத் துணி என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை. துணிக்குக் கொங்கு நாட்டில் பஞ்சம் கிடையாது. திருப்பூர்ப் பனியன் வெட்டுத்துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். பேரல் வாய் சுமார் 58 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி ஓரத்தில் எலாஸ்டிக் தைத்தால் போதும். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரத்துணி மேலேயே முட்டையிடும். பேரலைக் கழுத்துவரை நிரப்பாமல் நான்கு விரல்கடை விடச் சொல்லவேண்டும். திறந்த கிணறு, பெரிய சிமெண்ட் தொட்டிகளுக்குக் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் சரி. குளங்களில் விடுவது வேண்டாம், அது நம் மீன் குஞ்சையும் தின்னும்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் புழு சாகும் என்று பலர், பணியாளர்கள் உள்பட, நம்புகிறார்கள். குடிநீருக்குப் போடும் அளவில் சாகாது. அது கிருமிக்கு, அபேட் புழுவுக்கு. புகை மருந்து பறக்கும் கொசுவை அந்த நேரத்துக்கு மட்டும் கொல்லும். ஏடிஸ் பகலில் கடித்துவிட்டு வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணியிலும் உட்காரும், தெருவில் போகும் வண்டிப் புகை அங்கே எட்டாது. காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றி உள்ளேயும் வெளியேயும் அடிக்கப் புகைக்கு இடமுண்டு. படம் எடுப்பதற்காக வார்டு முழுக்க அடிப்பது டீசல் செலவு. நிலவேம்புக் குடிநீர் பற்றி அந்த அக்டோபரில் பெரிய சண்டையே நடந்தது. மருத்துவ விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அதைக் காய்ச்சி ஊற்ற நிற்பவர்கள் பேரல் தேய்க்கப் போகவேண்டியவர்களாக இருந்தால் அன்றைக்கு ஒரு தெரு போச்சு.

லாரி

மேலே சொன்ன 1,200 வீட்டில் ஏறத்தாழ 5,000 பேர். ஆளுக்கு 40 லிட்டர் என்றால் நாளுக்கு 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு 17 நடை. நிரப்ப அரைமணி, போகவர ஒரு மணி, குடம் குடமாகப் பிடிக்கவிட்டால் இன்னும் முக்கால் மணிக்கு மேல். ஒரு லாரி நாளில் ஐந்து நடை போனாலே பெரிது, எனவே நான்கு லாரி. தெருமுனையில் 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்து அதில் இறக்கினால் இறக்கும் நேரம் கால்மணியாகும், நடை கூடும். ஆனால் மூடி தொலைந்த தொட்டியும் அதன் ஒழுகும் குழாய்க்கடியில் தேங்கும் குழியும் அடுத்த கொசுப் பண்ணை. தொட்டி வைப்பவரே மூடிக்குப் பூட்டும் குழாய்க்கடியில் ஜல்லியும் போடவேண்டும்.

தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் லாரியில் ஏறினால் குளோரின் லாரியிலேயே கலக்கவேண்டும். 12,000 லிட்டருக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) என்றால் 24 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடர் 33 விழுக்காடு வீரியத்தில் இருந்தால் 73 கிராம், 25 என்றால் 96 கிராம். மோட்டார் அறையில் வாய் திறந்து கிடந்த மூட்டை 15க்கு இறங்கியிருக்கும். அப்போது 160 கிராம். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை ஊற்றி, அரைமணி விடவேண்டும். கடைசிக் குடத்தில், குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப் 0.2 காட்டவேண்டும். பொடியாகவே தூவினால் அடியில் கட்டியாகி முதல் பத்துக் குடம் நாறும், கடைசிக் குடத்தில் ஒன்றும் இருக்காது.

நெருக்கடிகள் மோதும்போது முதலில் தீர்ந்துபோவது லாரிதான். 2024 ஏப்ரல் 6 அன்று கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. கோடைத் தட்டுப்பாடு ஒருபக்கம், 19ஆம் தேதி மக்களவைத் தேர்தல் மறுபக்கம். தீயணைப்பு வண்டிகளோடு தண்ணீர் லாரிகளும் கிடங்குக்கு ஓடின, அலுவலர்களில் பலர் தேர்தல் பணியில். லாரி, ஓட்டுநர், நிரப்பும் இடம் மூன்றுக்கும் முன்கூட்டியே வரிசை எழுதிவைக்காத ஊரில் தீயும் குடமும் ஒரே ஹோஸுக்குச் சண்டையிடும். 2020இல் கொரோனா வந்தபோது கொசுப்புழுப் பணியாளர்களே வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பேரலைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

பட்டியல் எந்த மாவட்டத்துக்குப் போகிறது

2017இல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது, 2022இல்தான் வந்தது. கடுமையான காய்ச்சல் என்றால் கோவை அரசு மருத்துவமனை. அவிநாசிக்காரரோ பல்லடத்துக்காரரோ கோவையில் சேர்ந்தால் பெயர் முதலில் கோவைப் பட்டியலில் ஏறும், பிறகு திருப்பூருக்குத் திரும்பும். முகவரியில் ‘கோவை’ என்று மட்டும் இருந்தால் திரும்பவே திரும்பாது. படுக்கைக்கு அருகிலேயே கேட்டு எழுதவேண்டியவை நான்கு: இப்போது தங்கும் தெரு, வேலை செய்யும் இடம், கடந்த பத்து நாளில் தூங்கிய வேறு ஊர், வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர். கடைசிக் கேள்வியை எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் பொறியாளருக்கும் அந்தப் படிவம் வேலைக்காகும்.

சிறு மருத்துவமனைகளிலிருந்து தினசரிக் காய்ச்சல் எண்ணிக்கை வரவேண்டும், பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மக்கள் முதலில் போவது அங்கேதான், ‘ஒரு ஊசி போட்டுக்க’. டெங்குவில் வலி ஊசிகளும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் மட்டுமே சரி. ரத்தப் பரிசோதனை என்றால் முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1, அதற்குப்பின் ஐஜிஎம். காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்து தொடங்கும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியான தூக்கம் கண்டால் 108. இதைப் பேரல் தேய்க்கப் போகிறவரே வாசலில் சொல்லிவிட்டு வரலாம்.

தீபாவளி வாரம்

2017 தீபாவளி அக்டோபர் 18. காய்ச்சல் உச்சத்தில் இருந்த வாரம். திருப்பூர் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும். தென்மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறினால் வாரம், பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். லைன் வீடுகள் பூட்டிக்கிடக்கும், திரும்பி வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று பேரலை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தொடாத தண்ணீர், ஆளில்லா வீடு, ஏழு நாளுக்கு மேல். தண்ணி விடுபவரும் விடுப்பில், பணியாளரும் விடுப்பில், காலையில் தாள் நிரப்ப ஆளில்லை.

இந்த ஒரு வாரத்துக்கான ஏற்பாடு புரட்டாசி நடுவிலேயே தொடங்கவேண்டும். கம்பெனிகளிடம் எந்தத் தேதியில் மூடுகிறார்கள், எந்தத் தேதியில் திறக்கிறார்கள் என்று வாங்கிக்கொள்ளவேண்டும். லைன் வீட்டு உரிமையாளரிடம் கொல்லை, மாடிச் சாவி இருக்கும். பஸ் கிளம்பும் முந்தைய நாள் பேரலைக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டுப் போகும்படியும், திரும்பும் நாளுக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணி முறை வைக்கப்படும் என்றும் வாசலில் எழுதி ஒட்டவேண்டும். இரண்டாவது வரி இல்லாவிட்டால் முதல் வரியை யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பொறியாளர் திறக்கும் தேதியைப் பார்த்து முறைப் பட்டியலை ஒரு வாரம் மாற்றியமைக்கவேண்டும். விடுப்பில் போகும் வால்வு ஆளுக்குப் பதில் ஆள் பெயரும், கிளை வால்வுச் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதும் அந்தத் தாளின் கீழ்வரியில் வரவேண்டும்.